மிதித்தால் சார்ஜ் ஏறுமா?

மின்சார சைக்கிளை ஒரு டீக்கடை வாசலில் நிறுத்திப் பாருங்கள். விலை என்ன, எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது இந்தக் கேள்வி: “மிதிச்சா அதுவா சார்ஜ் ஏறிக்குமா?” இல்லை என்று சொன்னால் கேட்டவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அப்புறம் எதற்குப் பெடல் வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி கிளம்பும்.

கேள்வியில் தப்பு எதுவும் இல்லை. டைனமோ வைத்த சைக்கிளில் இரவில் வீடு திரும்பியவர்கள் இன்னும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். சக்கரம் சுற்றினால் விளக்கு எரிவதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்க முடியும் என்றால், அதைக் கொண்டுபோய் பேட்டரியில் ஏற்றுவதற்கு என்ன தடை? போகும்போது மிதித்து ஏற்றிக்கொண்டு, வரும்போது கால் நோகாமல் வந்துவிடலாமே?

இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினால் மின்சார சைக்கிளின் முக்கால்வாசி விஷயம் விளங்கிவிடும். அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் அதன் பின்னாலேயே போகப் போகிறோம்.

டைனமோ கேட்ட கூலி

பழைய டைனமோ, டயரின் ஓரத்தில் ஒட்டி நின்ற சின்னப் புட்டி. விரலால் தட்டினால் ஸ்பிரிங் அதை டயரோடு சேர்த்து அழுத்தும். தலையில் இருக்கும் வரி வெட்டிய உருளை டயரோடு உராய்ந்து சுற்றும். உள்ளே ஒரு காந்தம் கம்பிச் சுருளுக்கு நடுவே சுழலும். சுருளில் மின்சாரம் ஓடும். மொத்தமும் 6 வோல்ட், 3 வாட். மெதுவாக மிதித்தால் விளக்கு மங்கும், வேகம் பிடித்தால் பளிச்சென்று எரியும்.

அதைத் தட்டிவிட்ட கணமே சைக்கிள் கனத்துப்போனதும் நினைவிருக்கும். அந்தக் கனத்தில் கொஞ்சம் உருளையின் உராய்வு. மீதி, மின்சாரத்தின் எதிர்ப்பு. சுருளில் மின்சாரம் ஓடத் தொடங்கியதும் அந்தச் சுருளும் ஒரு காந்தமாகிவிடுகிறது. தன்னை உண்டாக்கிய காந்தத்தின் சுழற்சியையே அது எதிர்த்துப் பிடிக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆன இரவில் டைனமோ சற்று இலகுவாகச் சுற்றியது இதனால்தான். மின்சாரம் ஓடவில்லை, எதிர்ப்பும் இல்லை.

மூன்று வாட் விளக்குக்காகக் கால் ஏழெட்டு வாட் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது டைனமோ எதையும் இலவசமாகத் தரவில்லை. கொடுத்ததில் பாதிக்கு மேல் வழியிலேயே தொலைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் விளக்கில் காட்டியது.

காலால் எவ்வளவு முடியும்?

வாட் என்று சொல்லிவிட்டோம். குண்டு பல்பின் மேல் எழுதியிருந்த அதே வாட்தான். ஒரு வேலையை எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்கிறோம் என்பதன் அளவு அது. இயற்பியல் பாடநூலில் இதற்குத் ‘திறன்’ என்று பெயர். அப்படிச் செய்த வேலை மொத்தமாக எவ்வளவு என்பது ‘ஆற்றல்’. 100 வாட் திறனில் ஒரு மணி நேரம் வேலை செய்தால் செலவான ஆற்றல் 100 வாட்-மணி. மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி.

பயிற்சி எடுக்காத, ஆரோக்கியமான ஒருவர் மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் பெடலில் ஏறக்குறைய 80 வாட் கொடுக்கலாம். வயதானவர், மூட்டு வலிக்காரர் என்றால் 40 வாட். இளவட்டம் ஒருவர் வெறி கொண்டு மிதித்தால் 200, 300 கூடப் போகும். ஆனால் சில நிமிடம்தான் தாங்கும்.

இதைச் செஞ்சிக் கோட்டையில் வைத்து அளந்து பார்க்கலாம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்ததே, அதே கோட்டைதான். அதன் ராஜகிரி மலை சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் படிகளில் ஏறி உச்சிக்குப் போனால், தன் உடலை மேலே தூக்குவதற்கு அவருடைய கால்கள் செய்யும் வேலை 39 வாட்-மணி. நாள் முழுக்க அலுப்பாக இருக்கிறது, மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அது.

சாதாரண மின்சார சைக்கிளின் பேட்டரியில் அடங்கியிருப்பது 280 வாட்-மணி. ராஜகிரியை ஏழு தடவை ஏறுகிற அளவு வேலை, ஒரு தண்ணீர் பாட்டில் அளவுள்ள பெட்டிக்குள். மனிதக் காலின் உழைப்பு எவ்வளவு அரிதானது, பிளக் பாயிண்டில் வரும் மின்சாரம் எவ்வளவு தாராளமானது என்று இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான்.

ஆடி மாதம், வல்லத்திலிருந்து செஞ்சிக்கு

செஞ்சியிலிருந்து கிழக்கே திண்டிவனம் போகும் வழியில் இருக்கிறது வல்லம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். சுற்றிலும் நெல்லும் மணிலாவும். நடுநடுவே குவித்துவைத்த மாதிரி கருங்கல் குன்றுகள். குன்றுகள் இருந்தாலும் சாலை பெரும்பாலும் சமதளம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், பேருந்து நிலையம், சந்தை என்று வல்லத்துக்காரர்களுக்கு வேலை மேற்கே இருக்கிறது. சைக்கிளில் போகிற தூரம்தான். கணக்குக்கு வசதியாகப் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆள் 60 கிலோ, சைக்கிள் 22 கிலோ, கேரியரில் சாமான் 8 கிலோ. மொத்தம் 90. வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர். நிமிர்ந்து உட்கார்ந்து, வேட்டியோ புடவையோ கட்டிக்கொண்டு ஓட்டுகிற சவாரி.

காற்றில்லாத காலை நேரத்தில் இந்தச் சைக்கிளை எதிர்ப்பவை இரண்டு. ஒன்று, டயர் தரையில் நசுங்கி நசுங்கி உருளும் இழப்பு. அதற்கு 35 வாட். மற்றொன்று, முகத்துக்கு எதிரே கிழித்துக்கொண்டு போக வேண்டிய காற்று. அதற்கு 43 வாட். கூட்டினால் 78. நம் கால் தரக்கூடிய 80 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. 33 நிமிடத்தில் செஞ்சி. மோட்டாரே வேண்டாம்.

இப்போது ஆடி மாதத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவம் மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காற்றை மட்டும் அனுப்புகிற காலம். காற்று மேற்கிலிருந்து வருகிறது. வல்லத்துக்காரர் மேற்கே போகிறார். காற்றின் வேகமும் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முகத்தில் மோதும் காற்றின் வேகம் 36 ஆகிவிடுகிறது. இரட்டிப்பு.

வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பும் இரட்டிப்பாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது நான்கு மடங்காகிறது. ஒரு நொடியில் நம் மேல் மோதும் காற்றின் அளவு இரண்டு மடங்கு. அப்படி மோதும் ஒவ்வொரு பிடிக் காற்றும் வருவது இரண்டு மடங்கு வேகத்தில். இரண்டையும் பெருக்க வேண்டியிருக்கிறது. 43 வாட்டாக இருந்த காற்றுச் செலவு 172 ஆகிறது. டயருக்கான 35ஐயும் சேர்த்தால் 207 வாட்.

80 வாட் கால்களோடு இந்தக் காற்றில் போனால் என்ன ஆகும்? வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கும். அரை மணிப் பயணம் ஒரு மணி நேரமாக நீளும். சட்டை நனையும். ஏனென்றால் உடல், சாப்பிட்ட சாப்பாட்டின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது, மற்றதெல்லாம் சூடு. பெடலில் 80 வாட் என்றால் உடம்புக்குள் 240 வாட் வெப்பம் வெளியேற வழி தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மோட்டார் இருந்தால், கால் அதே 80 வாட்டைக் கொடுத்தால் போதும். பற்றாக்குறை 127 வாட்டை மோட்டார் தரும். வேகம் அதே 18. பேட்டரியிலிருந்து எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு மோட்டாரிலும் கம்பிகளிலும் சூடாகப் போய்விடும் என்பதால், 127 தருவதற்கு பேட்டரி 160 வாட் கொடுக்க வேண்டும். 33 நிமிடத்துக்கு 88 வாட்-மணி. பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கும் தீரவில்லை.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகுப் பக்கம். சைக்கிளும் 18, காற்றும் 18. முகத்தில் காற்றே படாது. தேவை வெறும் 35 வாட். மோட்டாரை அணைத்துவிட்டு வரலாம்.

போகும்போது 88, வரும்போது பூஜ்யம். மின்சார சைக்கிள் செய்கிற வேலை இதுதான்: எந்த இடத்தில் கால் தோற்கிறதோ அந்த இடத்தில் மட்டும் உள்ளே வருகிறது. ஏரிக்கரை மேடு ஒன்றை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. நூறு மீட்டர் நீளத்தில் மூன்று மீட்டர் உயரம் ஏற்றம் என்றால், அதே வேகத்தில் ஏற 132 வாட் கூடுதலாக வேண்டும். அதனால்தான் இறங்கித் தள்ளுகிறோம். ஆனால் அந்த ஏற்றத்துக்கு ஆகும் மொத்த ஆற்றல் ஒரு வாட்-மணி கூட இல்லை. காலுக்கு அது மலை, பேட்டரிக்கு அது கணக்கிலேயே வராத செலவு.

சக்கரத்தின் குடத்துக்குள்

மோட்டார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். பின் சக்கரத்தின் நடுவில், ஆரக்கம்பிகள் வந்து சேரும் குடம், மெக்கானிக் சொல்லும் ஹப், வழக்கத்தைவிடக் கொழுத்திருக்கும், அதுதான் மோட்டார். 1895லேயே ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் பின் சக்கரக் குடத்துக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனையில் குறையில்லை. அந்தக் காலத்துப் பேட்டரிதான் காலை வாரிவிட்டது. 280 வாட்-மணியைக் காரீயப் பேட்டரியில் வைத்தால் எட்டு, ஒன்பது கிலோ கனக்கும். சோனி நிறுவனம் 1991இல் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது படிப்படியாக இரண்டு கிலோவாகச் சுருங்க வழி பிறந்தது. பெட்டியைத் திறந்தால் கட்டைவிரல் தடிமனில் சுமார் 30 செல்கள் இருக்கும். மூன்று மூன்றாகச் சேர்த்த பத்துக் கட்டுகளை வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட்.

டைனமோவில் காந்தம் சுழன்றது, சுருள் நின்றது. இங்கேயும் அப்படித்தான், வேலை மட்டும் தலைகீழ். சுருள்கள் அச்சோடு அசையாமல் நிற்கின்றன. சுற்றிலும் வளையமாக ஒட்டிய காந்தங்கள் சுழல்கின்றன. சுருள்கள் மூன்று கூட்டம். எந்தக் கூட்டத்துக்கு எப்போது மின்சாரம் விடுவது என்று முடிவு செய்வது கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி. காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று மூன்று காந்த உணரிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காந்தம் நெருங்கி வருவதற்குள் அடுத்த சுருள் இழுக்கும். அதை எட்டுவதற்குள் அதற்கடுத்தது. பழைய மோட்டார்களில் இந்த மாற்றத்தைக் கார்பன் பிரஷ்கள் உரசி உரசிச் செய்தன, அவை தேய்ந்தன. இங்கே அப்படி உரசித் தேய்வதற்கு எதுவும் இல்லை.

இன்னொரு நுட்பமும் உள்ளே இருக்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டரில் சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்கு 145 சுற்றுதான் சுற்றும். சின்ன மோட்டார் அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் திணறும். ஆகவே அதை ஐந்து மடங்கு வேகத்தில், 700 சுற்றுக்கு மேல் ஓடவிட்டு, பல்சக்கரங்கள் மூலம் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டிச் சக்கரத்துக்குத் தருகிறார்கள். அந்தப் பல்சக்கரங்களோடு ஒரு ஃப்ரீவீலும் உண்டு. செயின் பக்கத்தில் நமக்குத் தெரிந்த அதே ஃப்ரீவீல்: ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். மோட்டார் சக்கரத்தைத் தள்ளலாம். சக்கரம் மோட்டாரைத் தள்ள முடியாது. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தால் சைக்கிள் இழுபடாமல் ஓடுவது இதனால்தான். மிதித்தால் சார்ஜ் ஏறாது என்பதற்கு முதல் காரணமும் இதுவே; இந்த வகை மோட்டாரில் அதற்கு வழியே அடைபட்டிருக்கிறது.

வழியைத் திறந்துவிட்டால்?

பல்சக்கரமும் ஃப்ரீவீலும் இல்லாத ஹப் மோட்டார்களும் உண்டு. அளவில் பெரியவை, கனமானவை. அவற்றை டைனமோவாக ஓட்டலாம். அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

பெடலில் 100 வாட் கொடுக்கிறோம். மின்சாரமாகி பேட்டரிக்குள் போய்ச் சேருவது சுமார் 75. பேட்டரிக்குள் போய் வெளியே வருவதில் கொஞ்சம் போகும். திரும்ப மோட்டார் வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது இன்னும் கொஞ்சம். கடைசியில் சக்கரத்துக்குக் கிடைப்பது 60 சொச்சம்கூடத் தேறாது. மண்டியில் ஒவ்வொரு கை மாறும்போதும் தரகு போவது மாதிரி, உழைப்பு வடிவம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு சூடாகப் போகிறது. அதே நூறு வாட்டை நேரே செயினுக்குக் கொடுத்தால் 95க்கு மேல் சக்கரத்துக்கு வரும். நூற்றைம்பது வருடமாகச் சைக்கிளில் இருக்கும் இந்தச் சாதாரண செயினை மிஞ்ச எந்த மின்சுற்றாலும் முடியவில்லை.

காலியான 280 வாட்-மணி பேட்டரியை ஸ்டாண்ட் போட்டு மிதித்தே நிரப்ப வேண்டுமென்றால், நிற்காமல் 100 வாட் கொடுத்தாலும் 3 மணி 45 நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்கு நேராக மிதித்திருந்தால் காற்றில்லாத சாலையில் 65 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கலாம். நிரப்பிய பேட்டரியோ, நாம் மிதிக்காவிட்டால், 50 கிலோமீட்டருக்குத்தான் வரும். பிளக்கில் மாட்டினாலும் நாலு மணி நேரம்தான். செலவு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் கட்டணமே இல்லாமல் வருகிறது. அங்கிருந்து எடுக்க வேண்டியதைக் காலிலிருந்து எடுப்பது, அரிதானதைக் கொடுத்து மலிவானதை வாங்குவது.

சரி, பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தையாவது பிடித்து வைக்கலாமே? மின்சாரக் கார்களிலும் ரயில்களிலும் அதைச் செய்கிறார்கள்; அங்கே எடையும் வேகமும் பெரியவை. நம்முடைய 90 கிலோ, மணிக்கு 18 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் ஓட்டத்தில் அடங்கியிருப்பது 0.31 வாட்-மணி. பாதியைக் காப்பாற்றினாலும் கிடைப்பதைக் கொண்டு முப்பது மீட்டர் போகலாம். அதற்காக ஃப்ரீவீலை எடுத்துவிட்டு நாளெல்லாம் கனமான சக்கரத்தை மிதிக்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதை விட்டுவிட்டது சரியான முடிவு.

ஏறி உட்கார்ந்தால்

கைப்பிடியில் சின்னத் திரை, கூட்டல், கழித்தல் பொத்தான்கள். கடையில் பெடல் அசிஸ்ட் என்று சொல்வதை நாம் மிதித்துணை என்போம். அதில் மூன்றோ ஐந்தோ படிகள் இருக்கும். விலை குறைந்த சைக்கிள்களில் பெடல் அச்சில் சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்த ஒரு வட்டு இருக்கும். பக்கத்தில் ஓர் உணரி. வட்டு சுற்றுகிறதா என்று மட்டும் அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று தெரியாது. ஆகவே முதல் அரைச் சுற்றை நாமேதான் மிதிக்க வேண்டும். அதன் பிறகு பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி சைக்கிள் முன்னே போகும். பழகும்வரை அந்த முதல் உந்தல் திடுக்கென்றிருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் மோட்டார் அரை நொடி கழித்தே நிற்கும்.

செஞ்சி பேருந்து நிலைய வாசல் மாதிரி நெரிசலில் அந்த அரை நொடி பெரிது. அதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பிரேக் பிடிக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பிரேக் கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன்பே, பிடியை லேசாக இழுத்ததுமே அது மோட்டாரை நிறுத்திவிடும். கூட்டத்தில் போகும்போது இரண்டு விரல் பிரேக் பிடியிலேயே இருக்கட்டும். விலை கூடிய சைக்கிள்களில் மிதிக்கும் அழுத்தத்தையே அளக்கும் உணரி வருகிறது. 1993இல் ஜப்பானின் யமஹா முதன்முதலாக மிதித்துணை சைக்கிளை விற்பனைக்கு விட்டபோதே இந்த முறையைத்தான் கையாண்டது. அழுத்தி மிதித்தால் அதற்கேற்ப மோட்டாரும் அழுத்தும். ஓட்டுகிறவருக்கு மோட்டார் இருப்பதே மறந்து, தன் காலுக்கே வலு வந்த மாதிரி இருக்கும். காசு இருந்தால் இதற்குக் கொடுக்கலாம். பெரிய திரைக்கும் மினுக்கும் விளக்குகளுக்கும் கொடுப்பதைவிட இது பயன்.

மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உந்தல் மெல்ல அடங்கி நின்றுவிடும். பழுது என்று பலர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அது சட்டம் போட்ட வேலி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25க்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், பதிவு எண் எதுவும் வேண்டாம். முன்னால் வெள்ளைப் பிரதிபலிப்பானும் பின்னால் சிவப்பும் நல்ல பிரேக்கும் வேண்டும். வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள்: காற்றில்லாத சாலையில் 18க்கு 78 வாட் போதும், 25க்கு 165 வாட் வேண்டும். ஏழு கிலோமீட்டர் வேகத்துக்காகச் செலவு இரண்டு மடங்கு.

ஒரே பேட்டரி, மூன்று தூரம்

விளம்பரத்தில் ஒரு தூரம் போட்டிருக்கும், வாங்கியவர் வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். நம்முடைய அதே ஆள், அதே சாலை, அதே 18 கிலோமீட்டர் வேகம்.

ஆடிக்காற்றுக்கு எதிரே, மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கிக்கொண்டு போனால் பேட்டரி 19 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். அதே காற்றில் 80 வாட் மிதித்துக்கொண்டு போனால் 31 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் வயதான ஒருவர் 40 வாட் மட்டும் மிதித்து, மீதியை மோட்டாரிடம் விட்டால் 100 கிலோமீட்டர். இவை குறையில்லாத புதுப் பேட்டரியில், நிற்காமல் போகும் சாலையில் கிடைப்பவை. பேட்டரி பழகப் பழக எல்லாமே குறையும். கடையில் தூரம் கேட்பதைவிட வாட்-மணி எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் பேட்டரியின் மேல் ஒட்டிய சீட்டில் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் இருக்கும். 36ஐயும் 7.8ஐயும் பெருக்கினால் 280.

டயரில் காற்றுக் குறைந்தால் அந்த 35 வாட் எளிதாக 50 ஆகிவிடும். தூரம் குறைகிறது என்று பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன் பம்பை எடுப்பது நல்லது.

வீட்டில் நிற்கிற சைக்கிளில் மாட்டலாமா?

வல்லம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஒன்று திண்ணையோரம் நிற்கும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்த திட்டம். பிள்ளைகள் கல்லூரிக்கோ சென்னைக்கோ போன பிறகு அதை அப்பாவோ பாட்டியோ ஓட்டுகிறார்கள், அல்லது தள்ளுகிறார்கள். மின்சார உதவி யாருக்குக் கட்டாயம் வேண்டும் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் சொல்வேன். சென்னை அம்பத்தூரில் சைக்கிள் செய்துவரும் டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் புது மின்சார சைக்கிள்களை விற்கின்றன. ஆனால் காற்றோடு மல்லுக்கட்டும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு, இருக்கிற சைக்கிளில் மாட்டும் மோட்டார் செட் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

மாட்டலாம். பார்க்க வேண்டியவை சில உண்டு. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது, அதே விசையோடு தன் அச்சைப் பின்னே திருகப் பார்க்கும். அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பது, ஃபிரேமின் பிளவில் உட்கார்ந்து அந்தத் திருகலைத் தாங்குவதற்குத்தான். நட்டு தளர்ந்தால் அச்சு பிளவுக்குள் சுற்றிவிடும். மின்கம்பிகள் அச்சின் நடு ஓட்டை வழியாகத்தான் வருகின்றன. முறுக்கி அறுந்து போகும். அச்சைப் பிடித்து ஃபிரேமோடு இறுக்கும் ஓர் இரும்புத் தகடு, டார்க் ஆர்ம் என்பது, செட்டோடு வராவிட்டால் தனியாக வாங்கியே தீர வேண்டும். பட்டறையில் செய்தும் தருவார்கள்.

பஞ்சர் இன்னொன்று. வேலிக்காத்தான் முள் எந்த டயரையும் விடாது. பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மோட்டார் கம்பியின் இணைப்பைப் பிரித்து, பெரிய ஸ்பேனரால் நட்டைக் கழற்ற வேண்டும். நல்லவேளையாக நம் ஊர் சைக்கிள் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, அங்கேயே ஒட்டிவிடுகிறார்கள். ஹப் மோட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

பேட்டரியை வெயிலில் காயவிடக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நாள் முழுதும் நின்றால் செல்களின் ஆயுள் குறையும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிட்டுப் போடுவது நல்லது. சாவி போட்டுக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகும் வகைப் பேட்டரி என்றால் இந்தத் தொல்லையும் இல்லை, திருட்டுப் பயமும் இல்லை. செட்டோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். 36 வோல்ட் பேட்டரி நிரம்பும்போது 42 வோல்ட்டில் நிற்க வேண்டும். வேறு சார்ஜர் அந்த எல்லையைத் தாண்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

கடைசியாக பிரேக். பழைய கம்பி பிரேக்கில் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் மாட்ட இடம் இருக்காது. செட்டில் வரும் பிரேக் பிடிகளையும் கேபிளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் மாட்டி முடித்ததும், சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டு, இரண்டு பிடிகளையும் தனித்தனியாக லேசாக இழுத்துப் பாருங்கள். கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் மோட்டார் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் காசைக் கொடுத்துவிட்டுச் சாலைக்குக் கொண்டுவரலாம்.